அடைத்துவிட்டுச் சிரித்தவள்

எந்த வேலையில் கை வைக்கும் முன்பும் மணிமொழி ஒரு தரம் சிரித்துக்கொள்வாள். வேலை முடிந்த பிறகு சிரிப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. இவள் முன்னாலேயே சிரித்துவிடுவாள். குடத்தை இடுப்பில் ஏற்றுவதற்கு முன், பஸ்ஸில் கால் வைப்பதற்கு முன், ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுவதற்கு முன். பால்வாடிக்குப் போன நாளிலிருந்து இப்படித்தான் என்பாள் அவளுடைய அம்மா பாப்பாத்தி. கூட நடவுக்கு வரும் பெண்களும் இதைக் கவனித்து வைத்திருந்தார்கள். வரப்பில் நின்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே, "மணி சிரிச்சிட்டாளா? அப்ப எறங்கலாம் வாங்கடி" என்பார்கள்.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய ஊர். சொந்தமாக நிலம் இல்லாத குடும்பம். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனதும் மணிமொழி அம்மாவோடு கூலிக்குப் போக ஆரம்பித்தாள். அவளுக்கு நடவு பிடிக்கும். தண்ணீர் கட்டிய வயலில் காலையில் வானம் முழுவதும் வந்து படுத்திருக்கும். மழை கழுவிவிட்ட நாளில், மேற்கே தூரத்தில் இருக்கும் கல்வராயன் மலைகூட மங்கலாகத் தலைகீழாக அதில் தெரியும். குனிந்து நாற்றை ஊன்றும்போது மேகத்துக்குள் கைவிட்டு ஊன்றுவதுபோல இருக்கும். ஊன்றிய இடத்தில் மேகம் ஒரு நிமிடம் கலங்கிவிட்டுப் பிறகு திரும்பவும் கூடிக்கொள்ளும். பல நாள் அவள் இதைப் பார்த்துக்கொண்டே கட்டுக் கட்டாக நட்டு முடித்திருக்கிறாள்.

நடவில் பெண்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. வரிசையாகக் குனிந்து, பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி கை மெதுவாகிப் பின்தங்கினால், இரண்டு பக்கத்துக்காரிகளும் கண்ணாலேயே பேசிக்கொண்டு விறுவிறுவென்று போய், அவளுக்குப் பின்னால் இருக்கும் சேற்றிலும் நாற்றை ஊன்றிவிடுவார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது நாலு பக்கமும் நாற்று நிற்கும். நடுவில் ஒரு பாய் அளவு சேற்றில் அவள் மட்டும் நிற்பாள். ஒன்றையும் மிதிக்காமல் தாண்டி வரவேண்டும். இதை அடைப்பு என்பார்கள். அடைப்பதில் மணிமொழிதான் கெட்டிக்காரி. அவள் வேகத்துக்கு அவளை அடைக்க யாராலும் முடிந்ததில்லை.

அண்ணனுடைய பழைய போனில்தான் மணிமொழி ஒரு துப்பாக்கி விளையாட்டைப் பழகினாள். முதலில் அவளை இழுத்தது சண்டை இல்லை, அதற்குள் வரும் ஊர்தான். ஆளே இல்லாத ஊர். வீடுகள் எல்லாம் திறந்து கிடக்கும், எதிலும் அடுப்பு இருக்காது. மலை இருக்கும், அதன்மேல் ஒரு மேகமும் உட்காராது. மற்றவர்கள் எதிராளியைத் தேடி ஓடும்போது இவள் குளக்கரையில் கொஞ்சம் நின்று தண்ணீரைப் பார்ப்பாள். இவ்வளவு நிலம் யாரும் உழாமல் கிடக்கிறதே என்று நினைப்பாள். யாராவது சுட வந்தால் திரும்பிச் சுடுவாள். நடவுக்குப் பழகிய விரல்கள். குறி தப்பாது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் தமிழழகன், கடை மாடியில் பெண்கள் அணி ஒன்றை நடத்திவந்தான். அவன் நடத்திய சின்னப் போட்டியொன்றில் மணிமொழி ஆடுவதைப் பார்த்துவிட்டு அணியில் சேர்த்துக்கொண்டான். மொத்தம் நாலு பெண்கள். அவர்களில் தனுஷா என்பவள் மணிமொழிக்கு நெருக்கமான தோழி ஆனாள். பெயர் அச்சடித்த டி-ஷர்ட் வந்த அன்று, பாப்பாத்தி அதை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசி, தனிக் கொடியில் காயப்போட்டாள்.

பெண்களுக்கான பெரிய போட்டி ஒன்றில் அணி அரையிறுதிவரை வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் போனில் பார்க்கும் போட்டி அது. ஆடுபவர்கள் பேசுவதும் பார்ப்பவர்களுக்குக் கேட்கும். எதிரணிகளில் ஒன்றில் புதுச்சேரிப் பெண் ஒருத்தி, தேவதர்ஷினி என்று பெயர், தன் ஆட்களை விட்டுப் பிரிந்து ஒரு வெட்டவெளியில் மாட்டிக்கொண்டாள். அந்த விளையாட்டில் ஒரு பொருள் உண்டு. தரையில் எறிந்தால் சுவர் முளைக்கும், கொஞ்ச நேரத்தில் தானே கரைந்துபோகும். குண்டிலிருந்து தப்பிக்க அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். மணிமொழி அதை எடுத்து தேவதர்ஷினிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று எறிந்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று.

"தாண்டு பாக்கலாம்! தாண்டி வாடி!" என்று சொல்லிச் சிரித்தாள். கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள். சுவர்களுக்கு நடுவே அந்த உருவம் சுற்றிச் சுற்றி வந்தது. சுவர் கரைந்ததும் தனுஷா சுட்டாள். அணி ஜெயித்து இறுதிப் போட்டிக்குத் தேர்வானது.

சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து, கீழே என்னென்னவோ எழுதி, ஊர் உலகமெல்லாம் பரப்பிவிட்டார்கள். மறுநாள் தமிழழகன் போனை நீட்டிப் பிடித்து விதியைப் படித்துக் காட்டினான். எதிராளியை அவமதிக்கும்படி நடந்துகொண்டால் அந்த ஆட்டக்காரர் அந்தப் போட்டித்தொடர் முழுவதும் ஆட முடியாது. தெரியாமல் நடந்தது என்றால் எச்சரிக்கையோடு போகும். போட்டி நடத்துபவர்கள் மணிமொழியை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள்.

"கை தவறிடுச்சின்னு சொல்லிடு மணி" என்றான் தமிழழகன். "நெட்டு இழுத்துச்சு, ஒரு தபா அமுக்குனேன், நாலு செவுரு வுழுந்துடுச்சின்னு சொல்லு. இறுதிப் போட்டி மெட்ராசுல. நீ இல்லன்னா நாம அங்க போயி டீ குடிச்சிட்டு வர வேண்டியதுதான்."

"சிரிப்பும் கை தவறி வந்துச்சாண்ணா?" என்றாள் தனுஷா.

"நீ சும்மா இரு."

"இல்ல, தெரியாமதான் கேக்கறேன். சுடலாம், குண்டு வீசலாம், வண்டிய ஏத்திக் கொல்லலாம். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சிரிச்சா மட்டும் குத்தமா? இது இன்னா வெளாட்டா, கலெக்டர் ஆபீசா?"

தமிழழகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உங்க வூட்ல இன்னா சொல்றாங்க? பொண்ணு போன நோண்டிக்கினு இருக்குதுன்னுதான? இத ஒரு ஆட்டம்னு நாலு பேரு மதிக்கணும்னா ஒழுங்கு வேணும்மா. சிரிச்சிக்கினு இருந்தா வெளாட்டுப் புள்ளைங்கன்னு வுட்டுடுவாங்க."

"வெளாட்டுப் புள்ளைங்கதான நாம" என்றாள் தனுஷா.

மணிமொழிக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியென்றே பட்டது. மெட்ராசில் பெரிய மேடையில் ஆட வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் ஊறிக்கிடந்தது. கனவில்கூட அந்த மேடை வந்திருக்கிறது. மேடையைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருந்தது, பாப்பாத்தி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை தவறியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடுவது என்றுதான் விசாரணை நாளன்று கடையின் மாடிப்படி ஏறினாள்.

விசாரணை வீடியோவில் நடந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மா நிதானமாகப் பேசினார். ஓரத்துச் சதுரத்தில் தேவதர்ஷினி இருந்தாள். மணிமொழி அவளுடைய முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தாள். தலைக்குக் குளித்து ஈரத் துண்டைச் சுற்றியிருந்தாள். தன் வயதுதான் இருக்கும். முதலில் அவளைத்தான் பேசச் சொன்னார்கள்.

"சுட்டுட்டுப் போயிருந்தா ஒண்ணும் இல்ல மேடம். அது ஆட்டம். என்ன அடைச்சு வச்சி, நின்னு பாத்துக்கினு சிரிச்சாங்க. எங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு. நான் ஆடறத அவரு பாத்தது அதான் மொத தடவ. எழுந்து போயிட்டாரு."

மணிமொழியின் முறை வந்தது. தமிழழகன் போனுக்குப் பின்னால் நின்று, சொல்லு சொல்லு என்று கையை ஆட்டினான். அந்த ஈரத் துண்டைப் பார்த்துக்கொண்டு அவளால் சொல்ல முடியவில்லை.

"கை தவறல மேடம். நான்தான் அடைச்சேன். எங்க ஊர்ல நடவு நடும்போது இப்பிடித்தான் அடைப்போம். கோவத்துல இல்ல மேடம். வெளாட்டுக்கு."

"உள்ளே நின்னவங்களுக்கும் அது விளையாட்டாத்தான் இருந்ததா?" என்று கேட்டார் அந்த அம்மா. குரலில் கடுமை இல்லை. பதில் தெரிந்துகொள்ளவே கேட்டதுபோல இருந்தது. மணிமொழியின் பார்வை ஓரத்துச் சதுரத்துக்குப் போயிற்று.

தொடர் முடியும்வரை ஆடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அணி அவள் இல்லாமல் மெட்ராஸ் போய், பல அணிகள் சேர்ந்து ஆடிய இறுதிப் போட்டியில் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது. "உண்மைய பேசி இன்னாத்த கண்ட?" என்று தமிழழகன் ஒரு முறை கேட்டான். தனுஷாதான் பல நாள் பொருமிக்கொண்டே இருந்தாள்.

மழை பிடித்தது. ஏரி நிரம்பி, வயல்களில் தண்ணீர் ஏறியது. மணிமொழி அம்மாவோடு நடவுக்குப் போனாள். மாதக்கணக்கில் போனை மட்டுமே பிடித்த கை, சேற்றில் விட்டதும் தடுமாறியது. இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்ணீரில் மேகம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதன் போக்கிலேயே பார்வையை விட்டிருந்தாள். சுற்றி இருந்த பேச்சு நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது நாலு பக்கமும் நாற்று.

"மணிய அடைச்சாச்சுடி!" என்று யாரோ கத்தினார்கள். வயலே சிரித்தது.

"ஏண்டி மருமவளே, போன்ல சண்ட போட்டுப் போட்டு இடுப்பு ஒடிஞ்சிடுச்சா?" இது சின்னக்கண்ணு அத்தை. கேலி பண்ண உரிமை உள்ளவள், விடுவாளா? "ஊரையே சுட்டவ, இப்ப நாலு நாத்துக்குள்ள நிக்கறா பாரு!"

மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் ஒரு முகமும் தெரியவில்லை. எல்லாம் கறுப்பாக, உயரமாக நின்றன. யார் சிரிக்கிறார்கள், எப்படிச் சிரிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காலடியில் வானம் கிடந்தது. எங்கோ உயரத்தில் பிடிமானம் இல்லாமல் நிற்பதுபோல இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அந்த ஒரு மூச்சு நேரத்தில், சுவர்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்த அந்த உருவத்தை அவள் உள்ளேயிருந்து பார்த்துவிட்டாள்.

அப்போது சேறு வழியும் ஒரு கை நாற்றுக்கு மேலே நீண்டது.

"புடிச்சிக்கடி. மெதிச்சிடாத, பாத்து" என்றாள் சின்னக்கண்ணு.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். தாண்டியதும் எல்லோருடைய முகமும் தெரிந்தது. வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். பாப்பாத்தியும் சிரித்துக்கொண்டிருந்தாள். மணிமொழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மதியம் புங்கமரத்தடியில் சோறு தின்னும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இதுவரை எத்தனையோ பேரை அடைத்திருக்கிறாள். ஒவ்வொருத்திக்கும் கடைசியில் கை கொடுத்திருக்கிறாள். எல்லோரும் கொடுப்பார்கள், இவளும் கொடுத்தாள். அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. கை கொடுத்தால்தான் அது விளையாட்டு என்று யாரும் சொல்லித்தரவும் இல்லை. போன் விளையாட்டில் சுவர் இருந்தது, சிரிப்பு இருந்தது. கை நீட்ட வழி இல்லை. சுவர் கரைந்ததும் துப்பாக்கிதான் இருந்தது.

அன்றைக்கே தேவதர்ஷினிக்குச் செய்தி அனுப்பினாள். "உன்ன அடைச்சிட்டு கை குடுக்காம நின்னுட்டேன். தப்பு என்னுது. உங்கப்பாகிட்டயும் சொல்லு."

சில நாள் கழித்துப் பதில் வந்தது. "கை எப்டி குடுக்கறது? கேம்ல அதுக்கு பட்டனே இல்லையே."

"இல்லதான்" என்று மணிமொழி எழுதினாள். அதற்குத் தேவதர்ஷினி சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினாள்.

அடுத்த தொடரில் மணிமொழியை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். விதிகளில் இன்னும் ஒரு வரி கூடியிருக்கிறது. சுவரால் ஆளை அடைக்கக்கூடாது என்று இப்போது தனியாகவே போட்டிருக்கிறார்கள். தனுஷா அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் மூச்சு விடவும் பர்மிஷன் கேக்கணும் என்கிறாள். மணிமொழி அவளுக்கு மறுப்பும் சொல்வதில்லை, ஆமாம் போடுவதும் இல்லை. ஆட்டத்தில் முன்பிருந்த ருசி கொஞ்சம் குறைந்திருப்பது அவளுக்குத் தெரிகிறது. அந்த விதி எதற்காக வந்தது என்பதும் தெரிகிறது. ஆடும்போது எதிராளி நிற்கும் திசையும் தூரமும் மட்டும் சொல்கிறாள். இந்த வருடம் அணி கால் இறுதியோடு நின்றது. நடவு நாட்களில் அவள் பயிற்சிக்கு லீவு கேட்கிறாள், தமிழழகன் கொடுக்கிறான்.