கொல்லிமலையில் ‘போகாதீங்க’ சொல்லிப் பிழைத்த காலம்

மலையில் வழிகாட்டி என்று பெயர்தான். என் வேலையில் முக்கால்வாசி, “அந்தப் பக்கம் போகாதீங்க” என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே ஓடுவது. சொந்தக்காரர்கள் நாலு பேரைச் சுற்றுலா கூட்டிப்போன எவருக்கும் இந்தப் பாடு தெரியும். நான் அதையே ஒன்பது வருஷம் பிழைப்பாக வைத்திருந்தேன். சேந்தமங்கலத்தில் பஸ் ஏறி, எழுபது வளைவும் கடந்து செம்மேட்டில் இறங்கினால், முதுகில் மூட்டையோடு யாராவது காத்திருப்பார்கள். அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த வெள்ளையண்ணன், காட்டு வேலை இல்லாத நாட்களில் எனக்குத் துணையாக வருவார்.

மூட்டை

சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்தார். அவர் பையைத் தூக்கிப் பார்த்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது. பிரிக்கச் சொன்னேன். மடக்கு நாற்காலி, காபி போடும் மெஷின், ஸ்பீக்கர், மூன்று ஜீன்ஸ் என்று வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் மட்டும் அரை லிட்டர் பாட்டில், அதிலும் பாதி பஸ்ஸிலேயே தீர்ந்திருந்தது. டார்ச் இல்லை, மழைக்கோட்டு இல்லை. பாதியை டீக்கடையில் வைத்துவிட்டு வரலாம் என்றதற்கு மனிதர் முகம் சுண்டிப்போனது. தோளில் துண்டும் கையில் கொடுவாளுமாக நின்றிருந்த வெள்ளையண்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்க, ஊட்டையே காலி பண்ணீட்டு வந்துட்டீங்களா?”

வெயிலில் வந்த வெள்ளம்

கோயம்புத்தூர்க் கல்லூரிப் பெண்கள் ஆறு பேர், ஓடையின் நடுவே ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுள்ளென்று வெயில். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையண்ணன் திடீரென்று, “எல்லாரும் கரையேறுங்க சாமி” என்றார். அதுவரை தெளிந்து ஓடிய தண்ணீரில் சருகும் பச்சை இலையுமாக வர ஆரம்பித்திருந்தது. நிறமும் லேசாகக் கலங்கியிருந்தது. மேலே எங்கோ மழை. ஐந்து பேர் இறங்கி வந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும், “வானம் பளிச்சுன்னு இருக்கே, ஒரே ஒரு போட்டோ” என்று அடம் பிடித்தாள். கூட்டி வந்தவர்களிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றைக்குக் கத்தினேன். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து ஏறினாள்.

மேட்டில் போய் நின்று ஐந்து நிமிஷம் இருக்காது. லாரி வருவதுபோல ஓர் உறுமல் கேட்டது. செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்தது. அவள் உட்கார்ந்திருந்த பாறை இருந்த இடமே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள்: “அண்ணா, இனிமே நீங்க எப்ப வேணாலும் என்னையத் திட்டலாம்.”

சென்ட்

பாறை இடுக்கில் முறம் முறமாய்த் தேனடை தொங்கும் பாதை ஒன்று உண்டு. அங்கே புகை, சத்தம், சென்ட் மூன்றும் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். திருச்சியிலிருந்து வந்த புதுமாப்பிள்ளை, பெண்டாட்டியோடு செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் ஒரு சென்ட் பாட்டிலை எடுத்துச் சட்டையெங்கும் அடித்துக்கொண்டார். அடையிலிருந்து தேனீக்கள் கிளம்பிவிட்டன. வெள்ளையண்ணன் கையோடு கொண்டுவந்திருந்த கம்பளியை இரண்டு பேர் மேலும் போர்த்தி இழுத்துக்கொண்டு ஓடியதால் ஏழெட்டுக் கொட்டோடு போயிற்று. செம்மேட்டில் ஊசி போட்டு, பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்தப் பெண், வீங்கியிருந்த கணவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்: “கல்யாண ஆல்பத்துல இருக்கறத விட இப்பத்தாங்க இவரு பூசினாப்பல இருக்காரு.”

டீச்சரைத் தொலைத்தது

கரூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், தனியாக முதுகுப்பையோடு வந்திருந்தார். வேறு ஆறு பேரோடு அவரையும் சேர்த்துக் கூட்டிப்போனேன். கடைசி ஆளுக்குப் பின்னால் நானோ வெள்ளையண்ணனோ நடக்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்குப் பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு பேருமே முன்னால் போய்விட்டோம். குண்டனி நாட்டுப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் மேகம் இறங்கியது. பத்தடி தூரத்து ஆள் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆறு பேர்தான் இருக்கிறார்கள்.

கூட்டத்தை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டு, வந்த வழியே தேடிப் போனோம். “டீச்சர், டீச்சர்” என்று கத்தியதில் என் தொண்டை கட்டிவிட்டது. ஒரு பக்கம் சரிவு. அதை எட்டிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை, வெள்ளையண்ணன்தான் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். விசில் சத்தம், மும்மூன்றாகக் கேட்டது. போய்ப் பார்த்தால், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு மரத்தடி வேரில் உட்கார்ந்து டீச்சர் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் கையில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு அவர் சொன்னார்: “வழி தவறுனா நின்ன எடத்துலயே நில்லுன்னு முப்பது வருசம் புள்ளைங்களுக்குச் சொன்னவ நான், நானே நடக்கலாமா கண்ணு?”

நான் விழுந்தது

ஒரு ஐப்பசியில் பாசிப் பாறையில் கால் வைத்தேன். கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கூட வந்திருந்தவர்கள் சேலத்துப் பையன்கள் நாலு பேர். கூடாரக் கம்பு இரண்டை எடுத்து, போர்வையைக் கட்டி, என்னைப் படுக்க வைத்துத் தூக்கிவிட்டார்கள். வெள்ளையண்ணன் முன்னால் முள்ளை வெட்டிக்கொண்டே போனார். வலியிலும், “இடது பக்கம் பார்த்து, அங்க வழுக்கும்” என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் தோள் கொடுத்தவன் திரும்பாமலே சொன்னான்: “அண்ணா, சும்மா படுத்துட்டு வாங்க, இன்னிக்கி நீங்கதான் டூரிஸ்ட்டு.”

அந்தக் காலோடு மலையேற்றம் முடிந்தது. பத்திரமாக இருப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான் இப்போது சேந்தமங்கலத்தில் ஒரு செருப்புக்கடையில் முழுப் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறேன், அது இத்தனை அலுப்பாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.