வெயிலில் சாய்த்த டம்ளர்

ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில்தான் அந்தப் பெண்ணைத் தெரியும். ஒட்ட வாரிய தலை, பொட்டில்லாத நெற்றி. அவர் கம்பெனியின் தூசி புகாத சுத்த அறைக்குள் பொட்டு, பவுடர் எதுவும் கூடாதாம். டீயைக் குடிக்குமுன் டம்ளரை வெயிலில் சாய்த்து, ஒரு சுற்று திருப்பிப் பார்ப்பார்.

"இன்னாம்மா, என் கிளாசுக்கும் பாஸ் போடுறியா?" என்பார் டீ மாஸ்டர்.

"விரிசல் இல்ல, பாஸு!" என்று சிரிப்பார்.

அவர் வேலையே அதுதான். அடைப்பை விரிக்க இதயத்து ரத்தக்குழாய்க்குள் வைக்கிற சின்ன வலைக்குழாய், ஸ்டென்ட். புது மாதிரி, சில வருடத்தில் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடுமாம். அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய மருந்துப் பூச்சு. பூச்சில் விரிசல் உண்டா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அனுப்புவார்.

ஒருநாள் டம்ளரைப் பார்க்காமலே குடித்தார். என்னம்மா என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சாங்கண்ணா. ஆஸ்பத்திரி அட்டையில பேட்ச் நம்பர் ஒட்டிக்கீது. நான் பாத்த பேட்ச்சு. அந்த வாரம் ஓவர்டைம் மேல ஓவர்டைம், தூக்கம் வராம கண்ணுல தண்ணி ஊத்திக்கினேதான் பாத்தேன்."

"அப்பா இப்ப எப்டிம்மா இருக்காரு?"

"நடக்குறாரு. எம் பொண்ணு பாத்து அனுப்புனதுன்னு வூடு வூடா போயி அட்டையக் காட்டுறாரு."

"நீ பாத்தது நல்லாத்தான் இருக்கும்மா."

"நானும் அப்டி நெனச்சித்தாண்ணா பாஸ் போட்டிருப்பேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

நான் வேறொரு கம்பெனியில், கார் உதிரிபாகம் செய்கிற லைனில் இருக்கிறேன். 'நல்லாத்தான் இருக்கும்' என்று சரியாகப் பார்க்காமல் எத்தனை பீஸைத் தள்ளிவிட்டிருப்பேன்! இப்போது அந்தச் சொல் வாய்வரை வந்தால், கை தானாகப் பொருளை மறுபடி வெளிச்சத்தில் திருப்புகிறது. அந்த அப்பா இன்னும் பல வருடம் அட்டையைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.