தலைக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் பக்கத்தில் காய்ச்சல் விட்டது என்று சொல்வதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்றுதான் சொல்வோம். ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது. படுக்கையைச் சுருட்டிவிட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிடலாம்.

ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகிய எண்பதுகளில், என் மகள் ஒரு கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். இருபத்து மூன்று வயது. அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் காய்ச்சல் வரும், விடிந்தால் வேர்த்துக் கொட்டும். பிறகு முட்டிகள் வீங்கின. உள்ளூரில் டைபாய்டு என்றார்கள், வாதக் காய்ச்சல் என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில்தான் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆடு மாட்டிலிருந்து வருகிற காய்ச்சல் என்றார்கள். அதன் பேர் என் வாயில் நுழையவில்லை. வீட்டில் இருந்த இரண்டு வெள்ளாட்டையும் அடுத்த சந்தையில் விற்றுவிட்டேன்.

வாரக்கணக்கில் ஊசி, மாத்திரை. அந்த ஊசி போட்டதிலிருந்து காதில் வண்டு கத்துகிறது என்பாள். ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. தலைக்கு ஊற்றினேன். பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடி ஊசி. மறுபடி ஊற்றினேன். மறுபடி வந்தது.

பக்கத்து வீட்டு பாயம்மா சொன்னாள்: "அக்கா, தலைல தண்ணி பட்டாத்தான் அது எந்திரிக்குது. பேஜார் புடிச்ச காய்ச்சல். இனிமே ஊத்தாதே."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மூன்றாவது தரம் காய்ச்சல் விட்டபோது நான் ஊற்றவில்லை. ஈரத்துணியால் உடம்பை மட்டும் துடைத்துவிட்டேன். மாதம் ஒன்று போனது, இரண்டு போனது. காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு இடுப்பு வரை முடி. அது சிக்குப் பிடித்துக் கயிறாகிவிட்டது.

"பேன் மூணு ஷிப்டு ஓட்டுதும்மா," என்பாள். "ஊறப்போட்ட தோல் மாதிரி நாறுது. டேனரிக்காரன் பார்த்தா தூக்கினு போய்டுவான். இந்தத் தலையோட வேலைக்கு எப்டிப் போறது?"

"இன்னும் கொஞ்ச நாள் கண்ணு."

ஆஸ்பத்திரியில் கேட்கலாம்தான். படித்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. அடுத்த தடவை வேலூர் போனபோது அவளே கேட்டுவிட்டாள்.

"டாக்டரம்மா, நீங்க மாத்திரையே நிறுத்திட்டீங்க. எங்கம்மா தலைக்கு ஊத்த மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா," என்றார் டாக்டர். "கிருமி எலும்புல பதுங்கி இருந்தா, குளிச்சாலும் வரும், குளிக்காட்டியும் வரும். தாராளமா குளிக்கட்டும்."

தைரியம் கொடுக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் தண்ணீர்தான் காரணம் என்றிருந்தவரை, அவளைக் காப்பாற்றுவது என் கையில் இருந்தது.

பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "வெள்ளிக்கிழமை ஊத்திடும்மா. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."

எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர், சீயக்காய்கூட நுரைக்காது. வியாழக்கிழமை தூரத்துக் கொல்லைக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து அண்டாவில் நிரப்பினேன். அன்று சாயங்காலம் அவளுக்குக் குளிர ஆரம்பித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவள் தலையில் படவில்லை.

விடிந்ததும் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

"ஊத்தும்மா."

"உடம்பு கொதிக்குதே கண்ணு."

"இது என்னிக்கு விடறது, நீ என்னிக்கு ஊத்தறது? ஊத்து."

வெந்நீர் வைத்து ஊற்றினேன். சிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரியாததைக் கத்தரித்தேன். பாயம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா பண்றே, காய்ச்சக்காரிக்கு?" என்று கத்தினாள். பிறகு அவளே தணலில் சாம்பிராணி போட்டு எடுத்து வந்தாள்.

வாசலில் உட்காரவைத்துத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தேன். இவளோடு அதே வரிசையில் தைக்கும் பெண் கம்பெனிக்குப் போகிற வழியில் நின்றாள்.

"தலைக்கு ஊத்தியாச்சா அத்தை? அப்போ திங்கக்கிழமை வர்றாளா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஈர முடிக்கடியில் அவள் நெற்றி என் உள்ளங்கையில் சுட்டது.

"ஊத்தியாச்சு," என்றேன்.