அய்யாத்துரை வீட்டுத் துட்டி

இனி மாஸ்க் அவரவர் விருப்பம் என்று 2022 ஏப்ரலில், மராட்டி வருடப்பிறப்பான குடி பாட்வா சமயத்தில், அரசாங்கம் சொன்னது. தாராவியில் எங்கள் சந்தில் நாங்கள் அதை ஆறு மாதம் முன்பே அமல்படுத்தி முடித்திருந்தோம். பக்கத்து வீட்டு ஹரி தன் மாஸ்க்கை பைக் கண்ணாடியில் மாட்டி வைத்திருந்தான். போலீஸைக் கண்டால் மட்டும் அது மூக்குக்கு ஏறும். எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசா அக்கா பேசுவதற்கு வசதியாகத் தாடையில் போட்டிருப்பார். நான் சரக்கு எடுத்துக் கொடுக்கும் மாட்டுங்கா பலசரக்குக் கடையில் முதலாளி அனந்தநாராயணன் சார் மட்டும், மேசைக்கு முன்னால் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரையை எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். "ஒங்களுக்கென்ன ராஜபாண்டி, ஒங்க ஏரியாவுல எல்லாத்துக்கும் பழகிட்டேள்" என்பார். அது பாராட்டா ஏச்சா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் சந்து சேர்ந்து சிரித்தது அய்யாத்துரையைப் பார்த்துத்தான். அவன் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இன்னும் இருந்தன. குழாயடிக்குப் போனாலும் மாஸ்க், கக்கூஸ் வரிசையில் நின்றாலும் மாஸ்க். "கொரோனாவே இவனக் கண்டு ஊர விட்டு ஓடிட்டு" என்று முதலில் சொன்னவன் நான்தான். அவன் காதில் விழும்படியாகத்தான் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அய்யாத்துரைக்கு என்னைவிட ஒரு வயது குறைவு, அறுபது. பதினாறு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல்பைப் பட்டறையில் சேர்ந்தான். அன்றிலிருந்து தோல் வெட்டுகிற வேலைதான். அளவு பிசகாது, வார்த்தையும் அதிகம் வராது. அவனுக்கும் சேர்த்துப் பேசியவள் அவன் மனைவி பூமாரி. அவள் வீட்டில் முறுக்கு சுடுவாள், நான் காலையில் அதை மாட்டுங்காவுக்கு எடுத்துப் போவேன். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்சை இழுத்தால், "எனக்கு இவரே போதும், இவரயே இன்னும் வளத்து முடிக்கல" என்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான்.

2020 மே மாதம் இரண்டு பேரையும் வண்டி வந்து கொண்டுபோனது. அவனை ஒரு பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்தார்கள், அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினாறு நாள் கழித்து அவன் மட்டும் திரும்பி வந்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. எல்லாம் போனில் சொன்னதோடு சரி.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத் துட்டி கேட்பது என்போம். போகிற ஆண்கள் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், வீட்டுக்காரன் தன் கையால் அவற்றைத் தொட வேண்டும். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். சண்டையில் பேச்சை நிறுத்தியவன்கூட துட்டிக்கு வந்துவிடுவான். அப்படிப்பட்ட நாங்கள், இருபதடி தள்ளியிருந்த வீட்டுக்குப் போகவில்லை. முதலில் எங்கள் சந்து முழுவதையும் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். பிறகு பாதிப் பேர் ரயில் ஏறி ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது இரண்டாவது அலை. அதுவும் ஓய்ந்த பிறகு, மற்றவர்கள் போயிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். எனக்கு முதலில் பயம். பிறகு வெட்கம். வெட்கம் முற்றியதும் அவனைக் கேலி செய்யத் தொடங்கினேன்.

என் மகள் பொன்செல்விக்கு மே மாதம் கல்யாணம் வைத்தோம். நானும் என் மனைவி மாலதியும் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். வாசலில் கை கழுவச் சொன்னான். கழுவினேன். உள்ளே பாய் விரித்து உட்காரச் சொல்லிவிட்டு, தான் சுவரோரமாக மாஸ்க்கோடு நின்றான்.

"பத்திரிகைய வச்சிட்டுப் போ ராஜபாண்டி. நான் வரல."

"ஏல, இன்னும் என்ன பயம்? கொரோனாதான் போயிட்டே. கவர்மென்டே மாஸ்க் வேண்டாம்னுட்டான்."

"பயம்லாம் இல்ல. துட்டி நடக்காத வீட்லருந்து நல்ல காரியத்துக்கு எப்படில வர? பொன்செல்விக்கு ஆவாது."

"அதான் வருசம் முடிஞ்சாச்சே."

"ஆரம்பிச்சாத்தான முடியும்?" அவன் குரல் உயரவில்லை. "தியேட்டர தொறந்துட்டாங்க. கோயில தொறந்துட்டாங்க. ரயில்ல மூச்சு முட்ட நிக்கோம். என் வீட்டுக் கதவும் தொறந்துதான கெடக்கு? ஒருத்தரும் வரலியே."

அப்போதே எழுந்து கையை நீட்டியிருக்க வேண்டும். மாலதி என் தொடையில் கிள்ளினாள்கூட. எனக்குக் கோபம்தான் வந்தது. பத்திரிகை வைக்க வந்த இடத்தில், தட்டில் வெற்றிலையும் பூவும் இருக்கையில், துட்டி கேட்கவா முடியும்? அப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து மாலதி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வாயிலிருந்து விழுந்தது இவ்வளவுதான்: "முறுக்கு தூக்கிட்டுப் போக மட்டும் தெனமும் போனிய."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டு முன்னால் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. பந்தல்காரனிடம் வாடகைக்கு எடுத்தவை. ஒரு மேசை, அதன்மேல் சானிடைசர் பாட்டில், பெரிய கெட்டிலில் டீ. அந்த இரண்டு வருடத்தில் எங்கள் சந்தில் நாற்காலி போட்டு, மேசைமேல் சானிடைசர் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊசி கேம்ப். அரை மணி நேரத்தில் ஆதார் அட்டையோடு வரிசை நின்றுவிட்டது. எங்கேயோ கழற்றிப் போட்ட மாஸ்க்கையெல்லாம் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்கள், நர்ஸ் திட்டுவாள் என்று. கல்யாணத்துக்கு முன்னால் பூஸ்டர் போட்டுவிடலாம் என்று நானும் அட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். எனக்கு முன்னால் ஷரீஃபுன்னிசா அக்கா. பின்னால், இரண்டாவது ஊசியை ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட ஹரி.

அய்யாத்துரை கதவைத் திறந்து வெளியே வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை மாஸ்க். வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். கண் கலங்கியது. இத்தனை பேரும் தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் மனுஷன். படி இறங்கி வந்தான்.

"அண்ணே, ஊசி எத்தன மணிக்கு?" என்று கேட்டார் ஷரீஃபுன்னிசா அக்கா.

"கேம்ப் கப் ஷுரு ஹோகா, காக்கா?" என்று பின்னாலிருந்து ஹரியும் அதையே இந்தியில் கேட்டான். காக்கா என்றால் அவனுக்குச் சித்தப்பா.

அவன் அக்காவின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். என் கையிலிருந்ததையும் பார்த்தான்.

"ஊசி இல்லம்மா" என்றான். "பூமாரிக்குத் துட்டி. யாராச்சும் வருவியன்னு நாற்காலி போட்டேன். இப்பதான் தொட்டுக்கிடலாம்னு சொல்லிட்டாங்கள்லா."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. திரும்பிப் போக வரிசையில் யாருக்கும் கால் வரவில்லை. ஷரீஃபுன்னிசா அக்காதான் முதலில் அட்டையைப் பைக்குள் போட்டார். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "பூமாரி, எம்புள்ளயோட நிக்காவுக்கு நாப்பது படி முறுக்கு சுட்டுத் தந்தியே. ஒனக்கு அழக்கூட நான் வரலியேம்மா" என்று பெருங்குரலெடுத்து அழுதார். வீட்டுக்குள்ளிருந்து மாலதி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்தார்கள்.

ஆண்கள் வரிசையில் இப்போது நான்தான் முதல். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அவன் மேசையிலிருந்து பாட்டிலை எடுத்து என் உள்ளங்கையில் சானிடைசர் விட்டான், தன் கையிலும் விட்டுக்கொண்டான். அது காயும் வரை பொறுத்திருந்து என் கைமேல் கை வைத்தான். நாற்பது வருடமாகத் தோல் பிடித்த கை, காய்த்துப் போயிருந்தது.

துட்டிக்குப் போனால், தெரிந்த விஷயமாக இருந்தாலும், எப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டேன்.

"எப்படில ஆச்சு?"

இரண்டு வருடமாக அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தான் போல. மடை திறந்துவிட்டது. சுற்றி நின்றவர்களுக்கும் சேர்த்துச் சொன்னான். அவன் அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை.

"இருமல் மொதல்ல எனக்குத்தான் வந்துது. கக்கூஸ் வரிசையில நின்னு நான்தான் வாங்கிட்டு வந்தேன். அவ கசாயம் போட்டுத் தந்தா. மூணாம் நாளு அவளுக்குக் காய்ச்ச. வண்டியில ஏறும்போது நல்லாத்தான் ஏறுனா. ஆஸ்பத்திரியிலருந்து தெனமும் போன் பண்ணுவா. நாலாம் நாளு மூச்சு வாங்கிட்டே சொல்லுதா, 'மாவு டின்ன மூடாம வந்துட்டேன், வண்டு விழுந்துரும், யார்ட்டயாவது சொல்லுங்க'ன்னு. நான் ராஜபாண்டிக்குப் போன் போட்டேன். அவன் போயி மூடிட்டான். 'ராஜபாண்டி மூடிட்டான் பூமாரி'ன்னு அவகிட்ட சொன்னேன். 'அப்ப சரி'ன்னா. அதான் கடைசிப் பேச்சு."

நான் மூடவில்லை. மூடிவிட்டேன் என்று போனில் சொன்னேன். சாவி என்னிடம்தான் இருந்தது. நோய் இருந்த வீடு என்று பயந்து கதவைக்கூடத் தொடவில்லை. பதினாறு நாள் கழித்துத் திரும்பி வந்தவன் முதலில் பார்த்தது திறந்து கிடந்த அந்த டின்னையாகத்தான் இருக்கும்.

"அய்யாத்துரை, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவன் என் கையை ஒருமுறை அழுத்தினான். அவ்வளவுதான். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான்.

அடுத்து ஹரி வந்தான். இந்த மாதிரி எதையும் அவன் செய்ததில்லை. என்னைப் பார்த்து அதேபோலக் கையை நீட்டினான். சானிடைசர் காய்ந்தது. அய்யாத்துரை சொன்னதையெல்லாம் பக்கத்தில் நின்று முழுக்கக் கேட்டவன்தான் அவன். இருந்தும், தனக்குத் தெரிந்த தமிழில், "எப்படி ஆச்சு காக்கா?" என்று கேட்டான்.

"இருமல் மொதல்ல எனக்குத்தான் வந்துது" என்று அய்யாத்துரை மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். அன்று வந்த அத்தனை பேரிடமும் சொன்னான். ராஜபாண்டி போய் மூடிவிட்டான் என்பதை ஒருவரிடம்கூட விட்டுவிடாமல் சொன்னான்.