குடும்பத்தாருக்குத் திருப்தி

போன திங்கட்கிழமை நாச்சிமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த முகத்தில் சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. துடைத்து வைத்த சிலேட்!

நாச்சிமுத்து ஜேடர்பாளையத்து விவசாயி. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று வயலை விட்டு ஓட ஆரம்பித்தார். மனைவி பாவாயிதான் சேலத்துக்கு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் அங்கே டைப்பிஸ்ட். மனநோய்க்கு வந்திருந்த புது மாத்திரை ஒன்றை டாக்டர் பரிசோதித்துக்கொண்டிருந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பும் என் தலையில்.

நாச்சிமுத்துவுக்கும் அதையே கொடுத்தார். மாத்திரை இலவசம். இலவசமாகக் கொடுத்துவிட்டு வாராவாரம் குறிப்பும் எழுதுகிறார்களே… உதவி யாருக்கு யார் செய்வது? அப்போதே உறுத்தியது. வாய் திறந்தேனா? இல்லை.

ஆறாவது வாரம் பாவாயி சொன்னார்: "இப்ப சத்தம் போடறதில்லீங்க, ஓடறதுமில்லீங்க. ஆனா உக்கார வெச்சா அந்த எடத்துலயே கெடக்கறாருங்க. கை நடுங்குது. சோத்த நாந்தான் ஊட்டி உடறனுங்க."

அத்தனையும் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் எழுதியது இரண்டே வரி. அதை டைப் அடித்தேன்.

"ஏனுங்க, அதுல என்னங்க எழுதியிருக்குது?" என்றார் பாவாயி.

படித்துக் காட்டினேன். "நோயாளி அமைதியாகிவிட்டார். குடும்பத்தாருக்குத் திருப்தி."

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

பாவாயி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று டாக்டர் அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே நானும். மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"குடிங்க."

டம்ளர் ஆடியது. பாதி சட்டையில், மீதி டாக்டரின் தாள்களில். நாச்சிமுத்து அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"எம் பேச்சு புரியாட்டிப் போகுதுங்க. இதக் கண்ணால பாக்கச் சொல்லுங்க!"

மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. டாக்டர் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் எழுந்து வந்து நாச்சிமுத்துவின் முழங்கையை மடக்கி, நீட்டி, விறைத்திருக்கிறதா என்று மறுபடி மடக்கிப் பார்த்தார். வேறொரு தாளை எடுத்துப் புதிதாக எழுதினார். மாத்திரையின் அளவு பாதியானது.

இப்போது நடுக்கம் குறைந்திருக்கிறது. சோற்றைத் தானே சாப்பிடுகிறார். அந்தக் குரல்?

"அப்பப்ப வருதுங்க," என்றார் நாச்சிமுத்து. "வஞ்சா வையட்டும்னு தண்ணி கட்டப் போயிர்றனுங்க."

மருந்தே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஓடிய மனிதரை நிறுத்தியது அதுதான். ஆனால், சத்தம் நின்றால் நோய் தீர்ந்தது என்று எழுதும் பேனா மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நிம்மதி யாருக்கு — நோயாளிக்கா, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கா?

அந்த மாத்திரைப் பரிசோதனை ஃபைலில் இன்னும் பல பேருடைய தாள்கள் இருக்கின்றன. அவர்கள் யாரும் படித்துக் காட்டச் சொல்லவில்லை… நானாகவும் படித்துக் காட்டவில்லை.