பஸ்ஸில் ஓடிய பன்னிரண்டரைச் சுற்று

முட்டி ஆபரேஷன் முடிந்ததும் என் அண்ணன் சொன்னார்: "நாப்பத்தஞ்சு வயசுல ஓட்டப் பந்தயமா? வூட்ல அடங்கிக் கெட."

அவர் சொன்னால் என் கால் கேட்டுவிடுமா? முட்டி ஆறும்வரை, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் கண்ணை மூடிக்கொண்டு, நான் வழக்கமாக ஓடும் ஐயாயிரம் மீட்டரையும், மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று, மனசுக்குள் ஓடினேன்.

"அக்கா, தூங்கிட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

"தூங்கலப்பா, ஓடிக்கிட்டு இருக்கேன். எட்டாவது ரவுண்டு."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் கண்ணை மூடினால் சினிமாப் பாட்டை நிறுத்திவிடுவார்.

அடுத்த வருஷம், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான மூத்தோர் தடகளப் போட்டியில் பன்னிரண்டரைச் சுற்றையும் நிற்காமல் ஓடினேன். கடைசியாகத்தான் வந்தேன், அதனால் என்ன?

மறுநாள் பஸ்ஸில், பந்தயம்தான் முடிந்துவிட்டதே என்று கண்டக்டர் பாட்டைப் போடப் போனார்.

"போடாதப்பா. அடுத்தது பத்தாயிரம் மீட்டர். டிரைவரக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு."