நடுரோட்டில் நின்ற லாரி

அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்த நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து தண்ணீர் குடிப்பேன், ஜன்னல் வரை போவேன், திரும்பி வந்து பார்ப்பேன். அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். "ஒரு கம்ப்யூட்டருக்கு இந்தப் பாடுங்களா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேலி செய்வார். அவருக்கு என்ன தெரியும்? அந்த வட்டத்தைப் பார்த்தாலே எனக்கு அப்பாவின் லாரி நினைவுக்கு வந்துவிடும்.

அப்பா மதுக்கரையிலிருந்து சிமென்ட் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியநாயக்கன்பாளையம் வீட்டில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று, என் பழைய கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கொரு லாரியில், பேசிக்கொண்டே சேர்ந்து ஓட்டலாம். அந்தப் பேச்சுக்காகத்தான் போட்டுக் கொடுத்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அக்கா வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. அவள் இருந்தது ஒரு பஸ் தூரத்தில், ஆர்.எஸ்.புரத்தில்தான். எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோனால் அதற்கும் ஒரு முறை உண்டு: விசேஷ வீட்டில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், போனை எடுக்கக் கூடாது. லாரி விளையாட்டைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அழைத்திருந்தபடி அக்காவும் ஒரு லாரியோடு வந்து சேர, ஹெட்செட்டில் அவள் குரல் கேட்டதும் அப்பாவின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன. கழற்றி வீசிவிடுவார் என்று பயந்தேன். வீசவில்லை. "ஏனுங்க, முன்னால போறவங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார், முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல. "சரிங்க, பின்னாலயே வாங்க" என்றாள் அவளும். இந்த நாடகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அதன்பின் வாராவாரம் இருவரும் முன்னும் பின்னுமாக ஓட்டினார்கள். கம்ப்யூட்டர்தான் தாங்கவில்லை. ரேம் போதாது, இந்தப் போர்டில் கூடுதலாகப் போட வழியில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். புது அப்டேட் வரும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டும். எதையாவது அழித்தால்தான் விளையாட்டு திறக்கும். படங்களை அழித்தேன், என் கல்லூரிப் பாடங்களை அழித்தேன். கடைசியில், லாரி ஓட்டிய காலம் முழுக்க அப்பா சேர்த்துவைத்த பழைய பாட்டுகள்தான் மிச்சம். "அதையும் எடுத்துப்போடு" என்றார், என் பக்கம் திரும்பாமலே. வேறு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றால் மட்டும், "போயும் போயும் வெளையாட்டுக்கா?" என்பார். ஞாயிறு வந்தால் இன்று திறக்குமா திறக்காதா என்று காலையிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவேன்.

அன்று மலைப்பாதை. அக்காவின் லாரி முன்னால் போக, வளைவில் ஏறும்போது எங்கள் திரை அசையாமல் நின்றது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஹெட்செட்டில் சத்தமே இல்லை. அப்பா மவுஸைத் தட்டினார், என்னைத் திட்டினார். அந்தப் பக்கம் அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் நடுரோட்டில் நின்றுவிட்ட லாரியும், எத்தனை கூப்பிட்டும் பதில் சொல்லாத அப்பாவும்தான். ஸ்டென்ட் விஷயம் என் மூலம் அவளுக்குத் தெரியும்.

மேஜையில் அப்பாவின் போன் அடித்தது. பெயர் இல்லை, எண் மட்டும். அந்த எண் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். அன்று எடுத்துவிட்டார். "அப்பா! அப்பா!" என்று அக்கா அலறியது எனக்கே கேட்டது.

"எனக்கு ஒண்ணும் ஆகல கண்ணு. கம்ப்யூட்டர்தான் நின்னுபோச்சு. அழுவாத." ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார். "ஊட்டுக்கு வா. மாப்பிள்ளையயும் கூட்டிட்டு வா."

அப்பா இப்போது இல்லை. மச்சான் வாங்கிக் கொடுத்த புதுக் கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. எந்த விளையாட்டுக்கும் அது திணறுவதில்லை. அதில் யாரும் லாரி ஓட்டுவதும் இல்லை. நேற்று அலுவலகத்தில் மறுபடியும் வட்டம் சுற்றியது. ஜன்னல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், பொறுக்க முடியாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தாள்.

"ஏன்டா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. கம்ப்யூட்டர்தான் நின்னுபோச்சு."

அவள் போனை வைக்கவில்லை.